மலஜலமும் மனையடி சாஸ்திரமும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மலஜலம். விளம்பரத் துண்டில் இதைப் பார்த்துவிட்டுச் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிக்கட்டும். ஆத்மா, மோட்சம், பதினாலு லோகம் என்று எவனும் கண்ணால் காணாத சங்கதிகளைப் பற்றி விடிய விடியக் காலட்சேபம் நடந்தால் அதற்கு வெட்கப்படுவார் ஒருவருமில்லை. ஒவ்வொரு மனிதனும் நாள் தவறாமல் செய்கிற காரியத்தைப் பற்றி, அது வீட்டை விட்டுப் போன பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் அசிங்கம் என்கிறார்கள். அசிங்கம் என்று சொல்லி நாம் வாயை மூடிக்கொள்வதனால் அது ஆவியாகிப் போய்விடுகிறதா? பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகிறது. ஊர் ஏரிக்குப் போகிறது. எங்கும் போக வழியில்லாமல் நிரம்பி நிற்கும்போது ஒரு ஏழை மனிதனைக் கூப்பிட்டு, குழிக்குள் இறங்கு என்று சொல்லுகிறோம். அவன் இறங்குகிறான், பல சமயங்களில் பிணமாக வெளியே வருகிறான். ஆகவே இது சிரிக்கக்கூடிய விஷயமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலில், மலமும் அழுக்குத் தண்ணீரும் எப்படி மக்குகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செத்த மாடு, உதிர்ந்த இலை, கொட்டின சோறு, மலம் இவையெல்லாம் கொஞ்ச நாளில் மண்ணோடு மண்ணாகின்றன. பூமாதேவி தாங்கிக்கொள்கிறாள் என்று நம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் தாங்கிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவை தின்கின்றன, அவ்வளவுதான் சங்கதி. இந்தக் கிருமிகளில் இரண்டு வகுப்பு உண்டு. ஒன்று, நம்மைப் போலவே பிராணவாயு இருந்தால்தான் பிழைக்கும். மற்றொன்று, பிராணவாயு இல்லாத இடத்திலும் பிழைக்கும். அதில் சிலவற்றுக்குப் பிராணவாயு பட்டாலே விஷம். காற்றில்லாமலும் உயிர் வாழ முடியும் என்பதை 1861-இல் பிரான்சு தேசத்து பாஸ்டர் எடுத்துக் காட்டியபோது படித்தவர்களே நம்பத் தயங்கினார்கள். பேச்சுக்கு வசதியாக முதல் வகுப்பைக் காற்றுக் கிருமி என்றும், இரண்டாவது வகுப்பைக் காற்றில்லாக் கிருமி என்றும் நான் சொல்லப்போகிறேன்.

காற்றில்லாக் கிருமியின் வேலையை நம் ஜனங்கள் நெடுங்காலமாகக் கண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்கள் வைத்த பேர் கொள்ளிவாய்ப் பிசாசு! சதுப்பு நிலத்திலும் பழைய குட்டைகளிலும் இராத்திரியில் நெருப்பு அலைகிறது என்று சொல்லி, அந்தப் பக்கம் போகாமலிருப்பதும், போனவனுக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரிப்பதும், கோழி அறுப்பதுமாகக் காலத்தைக் கழித்தோம். 1776-இல் இத்தாலியில் வோல்ட்டா என்பவர் என்ன செய்தார்? ஒரு ஏரிக்கரைக்குப் போனார். குச்சியால் சேற்றைக் கிளறினார். குமிழ் குமிழாக மேலே வந்த வாயுவைப் பாத்திரத்தில் பிடித்தார். நெருப்பு வைத்தார், எரிந்தது. மந்திரமுமில்லை, கோழியுமில்லை. நாம் பிசாசு என்றதை அவர் புட்டியில் அடைத்துவிட்டார். அந்த வாயுவுக்கு இப்போது மீத்தேன் என்று பேர். குட்டையின் அடியில் காற்றுப் புகாத சேற்றில் இலையையும் தழையையும் கிருமிகள் தின்று வெளியே விடுகிற வாயு அது.

காற்றுக் கிருமியின் வேலையைக் கண்டுபிடித்த விதம் இதைவிட ரசமானது. மலஜலத்தை மண்ணில் பாய்ச்சினால் அதிலுள்ள நாற்றமெடுக்கும் அமோனியா என்ற பொருள் வெடியுப்பில் இருக்கும் நைட்ரேட்டாக மாறிவிடுகிறது என்பது ரசாயனக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. மண்ணும் காற்றும் சேர்ந்து தானே செய்கின்றன என்று எண்ணியிருந்தார்கள். 1877-இல் பாரிசில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் வரை ஒன்றும் ஆகவில்லை. போன தண்ணீர் போனபடியே வந்தது. அதற்கு மேல் மெல்ல நைட்ரேட்டு வர ஆரம்பித்து, அமோனியா அடியோடு மறைந்துவிட்டது. வெறும் ரசாயனமாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமல்லவா? இருபது நாள் எதற்கு? ஏதோ ஒன்று அதற்குள் குஞ்சு பொரித்துப் பெருகியிருக்க வேண்டும் என்று சந்தேகித்து, உயிருள்ளவற்றை மயங்கச் செய்யும் குளோரோபாரத்தின் ஆவியைக் குழாய்க்குள் விட்டார்கள். வேலை நின்றுவிட்டது. குளோரோபாரத்தை நிறுத்திய பிறகும் வேலை தானாகத் தொடங்கவில்லை. பிறகு கொஞ்சம் தோட்ட மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். சில நாளில் மறுபடியும் வேலை ஆரம்பமாயிற்று. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கேள்வி கேட்பது எப்படி என்பதைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டுமானால், நான் புராணத்தை விட்டுவிட்டு இந்தக் குழாயின் கதையைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொல்வேன்.

நிற்க. இப்பொழுது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு மனிதனிடமிருந்து ஒரு நாளில் வெளியாகும் அழுக்கைக் காற்றுக் கிருமிகள் தின்று முடிக்க ஏறக்குறைய 50 கிராம் பிராணவாயு வேண்டும். நமது தேசத்து வெயிலில், 30 டிகிரி சூடுள்ள நல்ல தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 7½ மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். அதை வைத்துத்தான் மீன் மூச்சு விடுகிறது. அப்படியானால் ஒரே ஒரு ஆளின் ஒரு நாள் கழிவு சுமார் 6,600 லிட்டர் தண்ணீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் உறிஞ்சிவிடக் கூடியது. ஐந்து பேருள்ள வீட்டுக்கு 33,000 லிட்டர்! ஒரு நாளைக்கு! ஏரியில் மீன் செத்து மிதந்தால் அம்மன் குற்றம் என்று கூழ் ஊற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். ஏரியில் கலக்கும் சாக்கடை அங்குள்ள காற்றைத் தின்றுவிட்டது. மீனுக்கு மூச்சு முட்டிவிட்டது. இதில் அம்மன் எங்கே வந்தாள்?

நாம் வீடுகளில் கட்டுகிற செப்டிக் டேங்க் காற்றில்லாக் கிருமியைக் கொண்டு வேலை வாங்குகிற தொட்டி. சுமார் 1860-இல் பிரான்சில் வெசூல் என்ற ஊரில் மூராஸ் என்பவர் காற்றுப் புகாத ஒரு தொட்டியைக் கட்டி, வீட்டு மலஜலத்தை அதில் விட்டார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது நிரம்பியிருக்க வேண்டிய தொட்டியில் கெட்டியான பொருள் கொஞ்சமே இருந்தது. 1881-இல் அதற்குச் சர்க்கார் உரிமைப் பத்திரம் வாங்கினார். 1895-இல் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்தில் கேமரான் என்பவர் இப்படி ஒரு தொட்டி கட்டி அதற்குச் செப்டிக் டேங்க் என்று பேர் வைத்தார். அதிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு விளக்கும் எரித்தார்கள். நம் பம்பாயிலேயே மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் விடுதியில் 1897-இல் மலஜலத்திலிருந்து வாயு எடுத்து எரித்திருக்கிறார்கள். கொள்ளிவாய்ப் பிசாசு அங்கே விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது!

ஆனால் தோழர்களே, செப்டிக் டேங்க் கட்டிவிட்டேன், கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது பாதி வேலைகூடச் செய்வதில்லை. கெட்டியானது அடியில் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாகக் கட்டும். நடுவிலுள்ள தண்ணீர் வெளியேறும். அந்தத் தண்ணீரிலிருந்து அழுக்கில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி குறைந்திருக்கும். அமோனியா அப்படியே இருக்கும். அழுகல் முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு புதிதாகச் சேர்ந்திருக்கும். நோய்க் கிருமிகளும் புழுவின் முட்டைகளும் கோடிக்கணக்கில் இருக்கும். இந்தத் தண்ணீரைத்தான் ஒரு குழாய் வைத்துத் தெருச் சாக்கடைக்குத் தள்ளிவிட்டு, "எங்கள் வீட்டில் நவீன கக்கூஸ்" என்று பெருமை பேசுகிறோம். இன்னும் சிலர் சிமெண்டு உறைகளை இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டுவிட்டு, அதற்கும் செப்டிக் டேங்க் என்றே பேர் சொல்கிறார்கள். அது நிரம்புவதேயில்லை என்று அவர்களுக்குச் சந்தோஷம். நிரம்பாதது ஏன் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றைக் கேட்டால் தெரியும்.

காற்றுக் கிருமியைக் கொண்டே எல்லாவற்றையும் முடித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் செய்தார்கள். 1914-இல் மாஞ்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் மலஜலத்துக்குள் காற்றை ஓயாமல் ஊதி, அடியில் தங்கும் கிருமிச் சேற்றை வெளியே எறியாமல் மறுபடி மறுபடி அதையே உபயோகித்து, சில மணி நேரத்தில் தண்ணீரைத் தெளிவாக்கிக் காட்டினார்கள். உலகத்துப் பெரிய நகரங்களில் இன்றைக்கும் இந்த முறைதான் பெரும்பாலும் நடக்கிறது. நல்ல முறைதான். ஆனால் காற்று ஊத இராப்பகலாக மின்சாரம் வேண்டும். அன்றியும் காற்றுக் கிருமி தின்றதில் ஏறக்குறைய பாதியைத் தன் உடம்பாகவே ஆக்கிக்கொண்டு கொழுத்துப் பெருகிவிடும்; அந்தச் சேற்றைத் தூக்கி எங்கே கொட்டுவது என்ற வேறொரு தொல்லை வரும். காற்றில்லாக் கிருமியோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் உடம்பாக்கும். மற்றதை வாயுவாக விட்டுவிடும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், கூலியும் வேண்டாம். ஆனால் வேலையை முழுமையாக முடிக்காது. ஒருவன் கூலி வாங்காமல் பாறையை உடைப்பான், மெருகு போடத் தெரியாது. மற்றொருவனுக்கு மெருகு போடத் தெரியும், கூலி அதிகம். கெட்டிக்கார மேஸ்திரி என்ன செய்வான்? முதலில் அவனை உடைக்கச் சொல்லி, கடைசியில் இவனை மெருகு போடச் சொல்லுவான். இரண்டு கிருமிகளையும் சேர்த்து வேலை வாங்குகிற முறையின் ரகசியம் இதுதான். காற்றில்லாத அறை முதலில், காற்றுள்ள அறை பிறகு.

ஜப்பான் தேசத்தார் இதை வீட்டுக்கு வீடு செய்திருக்கிறார்கள். நகரங்களிலிருந்து பெரிய சாக்கடைக் குழாய் வந்து சேராத கிராமங்களிலும் சிற்றூர்களிலும் அவரவர் வீட்டு மண்ணுக்குள் ஒரு தொட்டியைப் புதைக்கிறார்கள். அதற்கு ஜோகாசோ என்று பேர். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கான தொட்டி ஒரு சிறு வண்டியளவுதான் இருக்கும். கக்கூஸ் தண்ணீர், குளித்த தண்ணீர், சமையலறைத் தண்ணீர் எல்லாம் அதில் சேரும். முதலிரண்டு அறைகள் காற்றில்லாதவை. கெட்டியானது அங்கே தங்கி, நிரப்பி வைத்த பொருள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிகளால் கரையும். மூன்றாவது அறையில் ஒரு சிறு விசிறிப் பம்பு காற்றை ஊதிக்கொண்டேயிருக்கும். அது இழுப்பது நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு இழுத்த மின்சாரம்தான். பிறகு தெளிய வைக்கும் அறை. கடைசியில் குளோரின் வில்லையின் மேல் ஓடி வெளியே வரும். வெளிவரும் தண்ணீரில் அழுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. இங்கிலாந்தில் சாக்கடை விசாரணைக்காக நியமித்த ராயல் கமிஷன் 1912-இல் சிபாரிசு செய்த அளவும் இந்த 20 தான். உள்ளே போகிற சாக்கடையில் 200 முதல் 300 வரை இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் யோக்கியதை விளங்கும்.

அங்கேயும் முதலில் கக்கூஸ் தண்ணீரை மட்டும் ஏற்கும் அரைகுறைத் தொட்டிகளைத்தான் கட்டினார்கள். சமையலறைத் தண்ணீரும் குளித்த தண்ணீரும் நேரே ஓடைக்குப் போயின. வீட்டு அழுக்கில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரில்தான் போகிறது என்று அளந்து தெரிந்துகொண்ட பிறகு, 2001 முதல் அப்படிப்பட்ட தொட்டியைப் புதிதாக வைக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். 1983-இல் இதற்கென்றே தனிச் சட்டம் செய்து 1985 முதல் அமுலில் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் சேற்றை எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் பரீட்சை பார்க்க வேண்டும். தொட்டியைப் பராமரிப்பதற்குப் பரீட்சையில் தேறிய ஆட்கள் உண்டு. அந்த வேலைக்கு வருகிறவன் யூனிபாரம் போட்டுக்கொண்டு, கருவியோடு, லாரியில் வந்து, குழாய் போட்டு உறிஞ்சிவிட்டு ரசீது கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் என்ன சாதி என்று அந்தத் தொட்டிக்குத் தெரியாது, விதியும் கேட்பதில்லை. (மாட்டுத் தோல், பிணம் முதலிய தொழில் செய்தவர்களைத் தீண்டாமல் ஒதுக்கிய பாவத்தை ஜப்பானும் செய்ததுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

இந்த முறையில் இன்னொரு நயமும் இருக்கிறது. காற்றறையில் அமோனியா நைட்ரேட்டாகிறது என்று பாரிஸ் குழாயின் கதையில் சொன்னேன். நைட்ரேட்டு நாற்றமடிக்காது; கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கிணற்றில் அதிகமாகச் சேர்ந்தால் கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். ஆகவே காற்றறையிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு பங்கை மறுபடி காற்றில்லா அறைக்கே திருப்பி விடுகிறார்கள். அங்கே பிராணவாயு இல்லாமல் தவிக்கும் ஒரு ஜாதிக் கிருமி நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். மீதியான நைட்ரஜன் குமிழாகக் கிளம்பிக் காற்றோடு போய்விடும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான் என்பதால் அதனால் ஒரு கெடுதியுமில்லை. இரண்டு அறையும் சேர்ந்திருந்தால்தான் இந்தக் காரியம் நடக்கும். ஒன்று மட்டும் இருந்தால் நடக்காது.

நம் தேசத்தில் முடியுமா என்றால், நமக்கே அதிக வசதி. காற்றில்லாக் கிருமிக்குச் சூடு வேண்டும். குளிர் தேசத்தில் அது சோம்பிக் கிடக்கும். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? கான்பூரில் 1989-இல் ஹாலந்து தேசத்தாருடைய உதவியோடு, லெட்டிங்கா என்ற அவ்வூர்ப் பேராசிரியர் வகுத்த முறைப்படி, ஊர்ச் சாக்கடையைக் காற்றில்லாமலே சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று ஏற்பட்டது. வேலை நடந்தது, ஆனால் வெளிவந்த தண்ணீர் போதுமான சுத்தமில்லை, பின்னால் காற்றுள்ள ஒரு கட்டம் அவசியம் என்ற பாடத்தையும் அது கற்பித்தது. பாண்டிச்சேரியில் தவளக்குப்பத்துக்கு அருகிலுள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள். மலஜலம் முதலில் தெளிதொட்டிக்கும், தடுப்புச் சுவர்கள் வைத்த காற்றில்லாத் தொட்டிக்கும் போகிறது. பிறகு செடி நட்ட ஜல்லிப் பாத்திக்கும், கடைசியில் வெயில் படும் குளத்துக்கும் போகிறது. அந்தத் தண்ணீர் தோட்டத்துக்குப் பாய்கிறது. காற்று ஊதும் பெரிய யந்திரமில்லை. செடியின் வேரும், ஜல்லியின் இடுக்கும், குளத்துப் பாசியும் காற்றைக் கொடுக்கின்றன.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனையடி சாஸ்திரத்துக்கு வருகிறேன். இன்றைக்கு வீடு கட்டுகிறவன் செப்டிக் டேங்கை எங்கே தோண்டுவது என்று யாரைக் கேட்கிறான்? எஞ்சினியரைக் கேட்பதற்கு முந்தி வாஸ்துக்காரனைக் கேட்கிறான். அவன் சொல்லுவது என்ன? கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்க வேண்டும். கழிவுக் குழி வாயு மூலையில், அதாவது வடமேற்கில் இருக்க வேண்டும் என்கிறான். சரி, ஒரு வீதியில் அடுத்தடுத்து இரண்டு வீடு. இரண்டு பேரும் பரம ஆஸ்திகர்கள். சாஸ்திரத்தை அணுவும் பிசகாமல் அனுசரிக்கிறார்கள். கிழக்கு வீட்டுக்காரர் தமது வடமேற்கு மூலையில் மலக்குழி வெட்டுகிறார். மேற்கு வீட்டுக்காரர் தமது வடகிழக்கு மூலையில் கிணறு வெட்டுகிறார். இப்பொழுது ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மூலையும் ஒரே மூலை! நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர்தான். ஒருவருடைய மலக்குழியும் மற்றவருடைய குடிதண்ணீர்க் கிணறும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சாஸ்திரம் எழுதினவனுக்குத் தன் வீடு ஒன்றுதான் உலகம். அடுத்த வீட்டில் மனிதன் இருக்கிறான் என்ற எண்ணம் கடுகளவும் அவனுக்கு இருக்கவில்லை. கிருமிக்கு ஈசானியமும் தெரியாது, வாயு மூலையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை அடி தூரம், மண் மணலா களிமண்ணா, தண்ணீர் எந்தப் பக்கம் ஊறி ஓடுகிறது என்பவைதான்.

1854-இல் லண்டனில் ப்ராட் தெருவில் காலரா வந்து நூற்றுக்கணக்கானவர்கள் சில நாட்களுக்குள் மாண்டார்கள். ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாகப் போய், செத்தவர்கள் எந்தப் பம்பில் தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்து, ஒரே பம்பு என்று கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பின்னால் தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கிணற்றுக்கு மூன்றடிக்குள் ஒரு வீட்டின் மலக்குழி சுவர் இற்றுப்போய் இருந்தது தெரிந்தது. பேதியில் இறந்த ஒரு குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 1884-இல், காக் என்ற ஜெர்மன் டாக்டர் நமது கல்கத்தாவுக்கே வந்து, ஜனங்கள் குளித்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டு காட்டினார். அப்பொழுதும் அதற்குப் பிறகும் நம் ஊர்களில் வாந்திபேதிக்கு மாரியையும் காளியையும் குறை சொல்லிக் கடா வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டின கடாவின் ரத்தமும் அந்தக் குளத்துக்கே போயிற்று.

இனி உயிர் போகிற விஷயம். செப்டிக் டேங்கில் இறங்கினவன் சாவது ஏன்? காற்றில்லாக் கிருமிதான் காரணம். அது வேலை செய்கிற இடத்தில் பிராணவாயு இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருக்கும், சேற்றுக்குள்ளும் அடைபட்டிருக்கும். காலை வைத்துக் கலக்கினவுடன் குப்பென்று கிளம்பும். இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்சமாக இருக்கும்போது நாறுகிற இந்த வாயு, அதிகமாகும்போது மூக்கின் உணர்ச்சியையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று இறங்குகிறவன் நினைப்பான். அடுத்த மூச்சில் விழுவான். அவனைத் தூக்க இறங்கினவனும் விழுவான். ஒரே குழியில் அண்ணன், தம்பி, மகன் என்று இரண்டு மூன்று பேர் சாவது இதனால்தான். விதி என்றும், கெட்ட வேளை என்றும், குழி காவு வாங்கிவிட்டது என்றும் சொல்லுகிறார்கள். காவு வாங்கியது குழியா, இறங்கச் சொன்னவனா?

சட்டம் இருக்கிறது. மலத்தைக் கையால் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக் கூடாது என்று 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் வந்த சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கி, முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. இறக்கச் சொன்னவன் வீட்டுக்காரனானாலும் அவன் தப்ப முடியாது. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-இல் சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. ஏன்? அந்த வேலைக்கென்றே ஒரு ஜாதியைப் பிறப்பித்து வைத்திருக்கிறோம் என்ற தைரியந்தானே? ஒரு ஐயரோ முதலியாரோ செட்டியாரோ வாரத்துக்கொருவர் மலக்குழியில் விழுந்து செத்துக்கொண்டிருந்தால் உறிஞ்சு யந்திரம் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் எப்பொழுதோ வந்து நின்றிருக்காதா? சந்திரனைச் சுற்ற யந்திரம் அனுப்பத் தெரிந்த தேசத்துக்கு, எட்டடிக் குழிக்குள் குழாய் விடத் தெரியாதா?

ஆகையால் வீடு கட்டப்போகிற தோழர்கள் மேஸ்திரியிடம் சில விஷயங்களைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். தொட்டியின் அடியும் சுவரும் ஒழுகாமல் பூசியிருக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர், முடிந்தால் இரண்டு நாள் தண்ணீர் தங்கும் அளவு வேண்டும். ஒரே அறையாக இருக்கக் கூடாது, இரண்டாவது வேண்டும். மூன்றாவதாக ஒரு அறையில் ஜல்லியை நிரப்பி, தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி வரும்படி செய்தால் காற்றில்லாக் கிருமிக்கு ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். அதற்கும் அப்பால், முழங்கால் ஆழத்துக்கு ஒரு பாத்தி வெட்டி, அடியைப் பூசி, ஜல்லி நிரப்பிக் கல்வாழையோ நாணலோ சம்போ நடுங்கள். தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியாமல் உள்ளேயே ஓட வேண்டும், அப்பொழுதுதான் கொசு வராது. மின்சாரத்துக்கு வசதியுள்ளவர்கள் பாத்திக்குப் பதில் காற்று ஊதும் அறை வைக்கலாம். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 60 அடியாவது இருக்கட்டும். உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும். மூடியை லாரிக் குழாய் நுழையும்படி வையுங்கள். அதன்மேல் திண்ணை கட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் யந்திரத்தைக் கொண்டே சேற்றை எடுக்க வேண்டும். எடுத்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் கேளுங்கள். இராத்திரியில் வாய்க்காலில் கொட்டுகிறானென்றால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். அதற்கென்று நிலையம் வேண்டுமென்று உங்கள் பேரூராட்சியை நெருக்குங்கள்.

பினாயிலையும் ஆசிட்டையும் வாளி வாளியாக ஊற்றாதீர்கள். நமக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கும் கிருமியை நாமே கொல்லுவதாகும். புதுத் தொட்டிக்குக் கிருமி வேண்டுமென்று டப்பாவில் பொடி விற்கிறார்கள், காசைக் கரியாக்காதீர்கள். நம் குடலிலிருந்து இலவசமாக வருகிற கிருமி போதும். பூசை போடுவதும், எலுமிச்சம்பழம் நறுக்குவதும் அதற்கு ஒன்றும் செய்யாது. எலுமிச்சம்பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் வரும் தண்ணீர் கண்ணாடி போலிருக்கிறதே, குடிக்கலாமா, குளிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. இரண்டு கிருமிகளும் அழுக்கைத் தின்னும்; நோய்க் கிருமி எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று சொல்ல முடியாது. தென்னைக்கும் வாழைக்கும் விடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லிக்கு விடாதீர்கள்.

 கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் எழுந்து, தங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி தூரம் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்கலாம்.